பிள்ளையின் அந்தரங்கமும் மருத்துவரின் கடமையும்



புனே நகருக்கு வடமேற்கே, மும்பைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் ஓரமாக நிக்டி என்னும் பகுதி இருக்கிறது. 1972-ஆம் ஆண்டில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்ட பின்னர், தொழிற்சாலைகளை ஒட்டி வீட்டுமனைகள் வகுக்கப்பட்டு வளர்ந்த வட்டாரத்தைச் சேர்ந்தது அது. பல மாநிலத்து மக்கள் கலந்து வாழும் அவ்விடத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்வோம். தந்தை ஆலையில் பணி செய்கிறார். தாய் இல்லத்தைக் கவனிக்கிறார். மகளுக்கு வயது 16.

சில மாதங்களாக அந்தப் பெண் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. தாய் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். மருத்துவர் மராத்தியிலும் ஹிந்தியிலும் பேசுகிறார். தாய்க்கு இரண்டிலும் கடைகண்ணிக்குப் போதுமான அளவே பழக்கம். மகளுக்கோ பள்ளியில் பயின்ற மராத்தி சரளமாக வருகிறது. சிறிது நேரம் சென்றதும் மருத்துவர், தாயைப் பார்த்து வெளியே அமர்ந்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறார். அரை மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. மகளின் கண்கள் சிவந்திருக்கின்றன. "என்ன சொன்னாள்?" என்று தாய் வினவுகிறார். "குணப்படுத்தக் கூடியதுதான், அம்மா. அடுத்த வாரமும் அழைத்து வாருங்கள். அவள் பேசியதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்" என்கிறார் மருத்துவர்.

பெற்று வளர்த்தவளுக்குத் தெரியக் கூடாத சங்கதியும் ஒன்று உண்டோ என்று அந்தத் தாயின் உள்ளம் வேதனைப்படுகிறது. அந்த வேதனை நியாயமானதே. ஆயினும் அந்த மருத்துவர் செய்ததும் நியாயமே. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நியாயமாகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மருத்துவரின் கடமையைப் பார்ப்போம். நோயாளி கூறுவதை வெளியே சொல்லலாகாது என்பது மிகப் பழைய நெறி. கிரேக்க நாட்டு மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே அது இடம் பெற்றிருக்கிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டில் வகுத்த நன்னடத்தை விதிகளும், தொழில் முறையில் தெரிந்துகொண்ட நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்று விதித்தன. நீதிபதியின் ஆணைப்படி நீதிமன்றத்தில் கூற நேரும்போதும், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெருந்தீங்கு நேரும் நிலை இருக்கும்போதும், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோயாக இருக்கும்போதும் மட்டுமே விலக்கு உண்டு. நோயாளிக்கு இத்தனை வயது நிறைந்திருந்தால்தான் இரகசியம் காக்க வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை.

இந்த நெறி எதற்காக? நோயாளியின் பெருமையைக் காப்பதற்காக மட்டுமன்று. நோயைக் கண்டுபிடிப்பதற்காகவே முதலாவதாக ஏற்பட்டது. வயிற்றுவலி என்று வந்த பையன், தான் புகைபிடிப்பதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் எவ்வாறு உண்மையை அறிவார்? உறக்கமில்லை என்று வந்த பெண், பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒருவன் தன்னைத் தொடர்ந்து வருவதை மறைத்துவிட்டால், உறக்க மாத்திரையால் என்ன பயன்? பெற்றோர் அருகில் அமர்ந்திருக்கையில் இவற்றைச் சொல்லும் பிள்ளைகள் மிகச் சிலரே. அதற்குக் காரணம் அன்புக் குறைவன்று. திட்டுக்கு அஞ்சுவோர் உண்டு. தம்மால் பெற்றோர் மனம் நோகுமே என்று அஞ்சுவோர் அதனினும் மிகுதி.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணிக் காட்டுகிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். வளரும் பிள்ளையின் நோயில் பெற்றோர் அந்த நான்காமவர். அவர் இல்லாமல் மருத்துவம் நிறைவு பெறாது. ஆனால் அவர் நோயுற்றவரின் இடத்தில் அமர்ந்து அவருக்காகப் பேசத் தொடங்கினாலும் மருத்துவம் நடைபெறாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். சம்மதம் வேறு, இரகசியம் வேறு.

சம்மதம் என்பது, இன்ன சிகிச்சையைச் செய்யலாம் என்று இசைவு தருவது. 1875-ஆம் ஆண்டின் சட்டப்படி நம் நாட்டில் 18 வயது நிறைந்தவரே மேஜர். மைனருக்கு அறுவைச் சிகிச்சை செய்யுமுன் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. ஆகவே கையெழுத்திடும் அதிகாரம் பெற்றோரிடமே இருக்கிறது.

இரகசியம் என்பது, பிள்ளை மனம் திறந்து கூறியதைப் பிறரிடம் கூறாதிருப்பது. கையெழுத்திடும் அதிகாரம் இருப்பதனாலேயே ஒவ்வொரு சொல்லையும் கேட்டறியும் அதிகாரமும் இருக்கிறது என்று ஆகிவிடாது. எந்த நோய், என்ன மருந்து, அதனால் நேரக்கூடிய விளைவுகள் யாவை, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே ஓடிவர வேண்டும் என்பனவற்றை அறியாமல் ஒரு தாய் எவ்வாறு சம்மதம் அளிக்க முடியும்? அவற்றை அவர் அறிந்தே தீர வேண்டும். ஆனால் மகள் எந்தத் தோழியைப் பற்றி அழுதாள், தந்தையைப் பற்றி என்ன குறை சொன்னாள் என்பவை மருந்துச் சீட்டுக்கு வேண்டியவை அல்ல.

மனநல சிகிச்சையைப் பொறுத்தமட்டில், 2017-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றி 2018-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு வழிகாட்டுகிறது. அச்சட்டத்துக்கும் புனே நகருக்கும் ஓர் உறவு உண்டு. புனேயில் உள்ள இந்தியச் சட்டச் சங்கத்தின் மனநலச் சட்ட, கொள்கை மையத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் சௌமித்ர பதாரே, மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு அச்சட்டத்தின் வரைவில் உதவியவர்களுள் ஒருவர்.

அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோயுற்ற ஒருவர் தமது மனநலம், சிகிச்சை, உடல்நலம் ஆகியவை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையுடையவர் என்று கூறுகிறது. இங்கும் வயது வரம்பு விதிக்கப்படவில்லை. ஆனால் மைனருக்கு அவருடைய சட்டப்படியான பாதுகாவலரே நியமனப் பிரதிநிதி ஆவார் என்று 15-ஆம் பிரிவு கூறுகிறது. நியமனப் பிரதிநிதி தம் கடமைகளை நிறைவேற்றுவதற்கு வேண்டிய செய்திகளை அவருக்குத் தரலாம் என்பது 23-ஆம் பிரிவின் விலக்குகளுள் ஒன்று. எனவே பெற்றோருக்குச் சட்டம் ஒரு சாவியைத் தந்திருக்கிறது என்பது மெய். அச்சாவி வீட்டின் எல்லா அறைகளையும் திறப்பதன்று. பிள்ளைக்கு ஆதரவளிக்கும் கடமைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே திறக்கும். மேலும், பிரதிநிதியானவர் நோயுற்றவரின் விருப்பங்களையும் கருத்துகளையும் மனத்திற் கொண்டே செயற்பட வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை.

பிள்ளையை மனநல விடுதியில் சேர்க்க நேரிட்டால் சட்டம் இன்னும் கண்டிப்பாயிருக்கிறது. 87-ஆம் பிரிவின்படி, பெற்றோரின் விண்ணப்பம் மட்டும் போதாது. மனநல மருத்துவர் இருவர், அல்லது ஒரு மனநல மருத்துவரும் தகுதி வாய்ந்த மற்றொருவரும், தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று கருத வேண்டும். பெரியவர்களுடன் சேர்த்து வைக்கக் கூடாது. சேர்த்த செய்தியை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளை பெற்றோரின் பொறுப்பில் இருப்பினும், பெற்றோரின் உடைமை அல்ல என்னும் எண்ணமே இதன் அடிப்படை.

இரகசியத்துக்கு எல்லையே இல்லையோ என்று கேட்கலாம். திண்ணமாக உண்டு. பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மருத்துவர் வாய் மூடியிருக்க மாட்டார். அதற்குச் சட்டமே இடந்தருகிறது. "உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை" என்று ஒரு மாணவன் சொல்லி, அதற்கான ஏற்பாட்டையும் செய்திருப்பது தெரியவந்தால், அன்றே பெற்றோருக்கு அறிவிப்பதே முறை. அப்படிச் சொன்னால் போலீசார் பிடித்துச் செல்வர் என்று அஞ்சும் பிள்ளைகள் இருக்கின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் இடம் பெறவில்லை.

மற்றோர் எல்லை, போக்சோ என்று சுருக்கமாக வழங்கும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்படுவது. 18 வயதுக்குட்பட்ட ஒருவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானதை அறிந்த எவரும், மருத்துவர் உட்பட, போலீசாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தையை வதைப்பவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கொடுமையும் உண்டாதலால் இத்தகைய கண்டிப்பு அவசியமே.

ஆயினும் அதே கண்டிப்பு வேறொரு சங்கடத்தையும் விளைவித்தது. 18 வயதுக்குட்பட்ட பெண் தன் விருப்பத்துடனேயே பழகிக் கருவுற்றிருந்தாலும், அவள் இசைவு சட்டத்தின் கண்ணில் இசைவாகாது. மருத்துவரிடம் சென்றால் பெயர் போலீஸ் நிலையத்துக்குப் போகும் என்னும் அச்சத்தால், தகுதியற்றவர்களிடம் சென்று உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளும் நிலை உண்டாகக் கூடும். 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி, நீதிபதிகள் டி. ஒய். சந்திரசூட், ஏ. எஸ். போபண்ணா, ஜே. பி. பார்திவாலா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு கருக்கலைப்புச் சட்டம் பற்றிய ஒரு தீர்ப்பில் இச்சிக்கலையும் ஆராய்ந்தது. மருத்துவர் செய்தியைத் தெரிவிக்கும் கடமையிலிருந்து விலக முடியாது. ஆனால் அந்த மைனர் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளது பெயரையும் அடையாளத்தையும் அவர் வெளியிட வேண்டியதில்லை என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. கடமையும் நிறைவேறுகிறது, பெண்ணின் மானமும் காக்கப்படுகிறது. ஆனால் இவ்வழி திறப்பதற்குப் பாதுகாவலரின் சொல்லும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பெண் தன் தாயிடம் சொல்லக்கூடிய வீடாக இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு அவளுக்குக் கிட்டும்.

பிற நாட்டு நிலையை ஒப்பிடுவது விளக்கம் தரும். இங்கிலாந்தில் விக்டோரியா கில்லிக் என்னும் தாய், 16 வயதுக்குட்பட்ட தம் பெண்களுக்குத் தமக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை அளிக்கலாகாது என்று வழக்காடினார். 1985-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால், போதிய அறிவும் தெளிவும் உடைய சிறார் தாமே சம்மதம் அளிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வயதைக் காட்டிலும் பிள்ளையின் பக்குவத்தையே அது அளவுகோலாகக் கொண்டது. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இங்கே 18 என்னும் எண்ணே வரம்பு. அதனாலேயே நம்மவர் இல்லங்களில் மருத்துவர், பெற்றோர், பிள்ளை ஆகிய மூவரும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

இப்பொழுது வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கே உரிய ஒரு சிரமத்தைச் சொல்ல வேண்டும். அதுவே மொழி. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. இங்கே தாய்க்கு மருத்துவரின் மொழி தெரியாது. ஆகவே யாராவது மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வழிகளே நடைமுறையில் இருக்கின்றன. இரண்டும் பழுதுடையவை.

ஒன்று, பிள்ளையே மொழிபெயர்ப்பது. தன் நோயைப் பற்றி மருத்துவர் சொன்னதைத் தானே தாய்க்கு எடுத்துச் சொல்லும் 16 வயதுப் பெண் எதைச் சொல்வாள், எதை விடுவாள்? தாய் வருந்துவார் என்று அபாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடும். மருந்தை விட்டுவிட விரும்பினால் அதையும் மாற்றிச் சொல்லக் கூடும். தாய் அறிய வேண்டியதே தாயை எட்டாமற் போகிறது. மற்றொன்று, பக்கத்து வீட்டுத் தமிழரையோ தமிழ்ச் சங்கத்து நண்பரையோ உடன் அழைத்துச் செல்வது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஊர் சிறிது. நம்மவர் வட்டம் அதனினும் சிறிது. பொங்கல் விழாவில் சந்திப்பவர்களும், நாளைக்குப் பெண் கேட்டு வருபவர்களும் அதே வட்டத்தினரே. மருத்துவரைக் கட்டுப்படுத்தும் தொழில் விதி அந்த நண்பரைக் கட்டுப்படுத்தாது. நாலு பேர் வாயில் விழுந்த சொல்லை மீட்பது எளிதன்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. தமிழோ, தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவாகத் தெரிந்த வேறொரு மொழியோ பேசும் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரிப்பது முதல் வழி. மருத்துவமனையிலேயே தமிழறிந்த செவிலியோ பணியாளரோ இருந்தால், நண்பரைவிட அவரே ஏற்றவர். மருத்துவமனையின் பொறுப்புக்கு உட்பட்டவர் ஆதலால். மூன்றாவதாக, மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும் பேசலாம். அது அளிக்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணும் நினைவில் இருக்கட்டும். 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் கீழ், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கென்றே அரசு மருத்துவமனைகளில் ஆலோசனைப் பிரிவுகள் உள்ளன. தனியாகப் பேசும் வசதியும் இரகசியமும் அவற்றின் விதிகளுள் அடங்கியவை.

பள்ளி ஆலோசகரைப் பற்றியும் ஒரு சொல். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆலோசகர் பள்ளி நிர்வாகத்தின் ஊழியர். மாணவன் சொல்வதில் எது வகுப்பாசிரியரிடம் போகும், எது போகாது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை.

வாயால் வெளிவராத இரகசியம் காகிதத்தால் வெளிவருவதும் உண்டு. தந்தையின் கம்பெனி மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்பும் பில்லில் நோயின் பெயர் இருக்கும். அது அலுவலகத்தில் யார் கைக்குப் போகிறது என்று விசாரித்து, மூடிய உறையில் அனுப்புவது நன்று. சோதனை முடிவுகள் குடும்பத்தார் அனைவரும் எடுத்துப் பார்க்கும் கைப்பேசிக்கே வருகின்றன. எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லலாம். மருந்துச் சீட்டைப் படம் பிடித்து உறவினர் குழுவில் அனுப்பி அபிப்பிராயம் கேட்பது அறவே கூடாது.

இவ்வளவையும் கூறிய பின், செய்ய வேண்டியது யாதெனில், முதல் நாளிலேயே மூவரும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவதுதான். பிள்ளை சொல்வதில் எவையெவை இந்த அறைக்குள்ளேயே இருக்கும்? எந்தச் சந்தர்ப்பத்தில் பெற்றோருக்குச் சொல்வீர்கள்? அப்படிச் சொல்வதற்கு முன் பிள்ளைக்கு அதைத் தெரிவிப்பீர்களா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். பிள்ளையின் முன்னிலையில் விடை கிடைத்துவிட்டால், பின்னர் யாரும் யாரையும் ஏமாற்றியதாக எண்ண இடமிராது. இதைக் கேட்கும் இளைஞர்களும் அஞ்சாமல் கேட்கலாம். அது மரியாதைக் குறைவன்று. பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் ஒன்றை மருத்துவரின் துணையோடு சொல்ல விரும்பினால், அதற்கும் அவர் உதவுவார்.

மீண்டும் நிக்டியில் அந்த மருத்துவரின் அறைக்கு வெளியே அமர்ந்திருந்த தாயை நினைத்துக்கொள்வோம். அவர் இழந்தது என்ன? அரை மணி நேரப் பேச்சை. பெற்றது என்ன? வாரக்கணக்கில் ஊமையாயிருந்த மகள் ஒருவரிடமாவது வாய் திறந்தாள் என்னும் உறுதியை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் மகளிடம், "அங்கே நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றும் நாளில் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லட்டும். அந்த நாள் அடுத்த வாரமே வரலாம். அடுத்த ஆண்டும் வரலாம். மருத்துவரின் கதவு மூடியிருந்தது, வீட்டில் தாயின் கதவு திறந்திருக்கும் நாள்வரை பிள்ளையைக் காப்பாற்றி வைப்பதற்கே.